ஒரு காரணத்தின் வெற்றியும் அதன் எச்சமும்: வைரஸ் சாராத கருப்பைவாய் முன்புற்று மாற்றங்களின் வரலாறு

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு மனித பாப்பிலோமா வைரஸே (ஹெச்பிவி) காரணம் என்பது இன்றைய பொதுச் சுகாதாரத்தின் அடிப்படைப் பாடம். அந்தப் பாடம் சரியானது. உயிர் காப்பதும் கூட. ஆயினும் இந்த வைரஸின் துணையின்றியே தோன்றுகிற சில முன்புற்று மாற்றங்கள் கருப்பைவாயில் உண்டு. எண்ணிக்கையில் அவை சிறியவை. மருத்துவ வரலாற்றில் நெடுங்காலம் அவற்றுக்குத் தனிப்பெயர்கூட இருக்கவில்லை. 'வைரஸ் இல்லை' என்று ஆய்வகங்கள் எழுதிய மாதிரிகளில் உண்மையில் இரண்டு குவியல்கள் கலந்து கிடந்தன. சோதனை தவறியதால் வைரஸ் புலப்படாதவை ஒரு குவியல். மெய்யாகவே வைரஸோடு தொடர்பற்றவை மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிந்த கதைதான் இந்நோயின் அதிகம் பேசப்படாத வரலாறு.

அந்த வரலாற்றைத் தென் திருவிதாங்கூரிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. அகத்தியமலையின் அடிவாரத்தில், நெய்யாறு அணையின் நீர்ப்பரப்பை ஒட்டி அமைந்தது அம்பூரி. அதற்கு அருகிலேயே கன்னியாகுமரி மாவட்டத்தின் பத்துகாணி, ஆறுகாணி ஆகிய ஊர்கள் உள்ளன. பாறசாலை, நெய்யாற்றின்கரை தொடங்கி இந்த மலையடிவாரம் வரையுள்ள எல்லைச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்கும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாகாணத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதுவரை இவை அனைத்தும் ஒரே திருவிதாங்கூர். எனவே இந்த எல்லைப் பகுதியின் புற்றுநோய் வரலாறு கிழக்கே நெய்யூரோடும் மேற்கே திருவனந்தபுரத்தோடும் பின்னிக் கிடக்கிறது.

நெய்யூரில் 1838இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஆர்ச்சிபால்டு ராம்சே தொடங்கிய மருத்துவப் பணி, பின்னர் தென்னிந்தியாவின் பெரிய மிஷன் மருத்துவமனைகளுள் ஒன்றாக வளர்ந்தது. எவரெஸ்ட் ஏறுபவராக உலகம் அறிந்த ஹோவர்டு சோமர்வெல் 1920களில் இங்கு அறுவை மருத்துவராகப் பணியேற்றார். அதே மருத்துவமனையைச் சேர்ந்த ஐ. எம். ஆர் என்பவர் திருவிதாங்கூரின் வாய்ப் புற்றுநோயையும் வெற்றிலை போடும் பழக்கத்தையும் இணைத்து 1933இல் 'லான்செட்' இதழில் கட்டுரை வெளியிட்டார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றை ஒதுக்கி வைத்த கன்னத்தின் உட்புறத்திலேயே புண் எழுந்தது. காரணமும் விளைவும் கண்ணெதிரே ஒரே இடத்தில் கிடந்ததால் அந்த முடிவுக்கு வருவது இயல்பாயிற்று. பழக்கத்தைப் பார், நோயின் காரணம் தெரியும் என்ற முறை அங்கே பலித்தது.

கருப்பைவாயில் அந்த முறை அவ்வளவு எளிதில் பலிக்கவில்லை. உறுப்பு மறைவிடத்தில் இருந்ததால் மருத்துவர்கள் உறுப்பைப் பார்ப்பதற்குப் பதிலாகப் பெண்ணின் வாழ்க்கையைப் பார்த்தார்கள். 1842இல் இத்தாலிய மருத்துவர் ரிகோனி-ஸ்டெர்ன், வெரோனா நகரின் 1760 முதல் 1839 வரையான இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து, கருப்பைப் புற்றுநோய் துறவியரிடம் அரிது, மணமானவர்களிடமும் கைம்பெண்களிடமும் மிகுதி என்று காட்டினார். அவருடைய பதிவுகள் கருப்பையையும் கருப்பைவாயையும் வேறுபடுத்தவில்லை. இருந்தும் பிற்கால நூல்கள் அந்த முடிவைக் கருப்பைவாய்க்கே உரியதாக எடுத்தாண்டன. 'அரிது' என்றால் 'இல்லை' என்று பொருளன்று என்பதும் அந்த எடுத்தாள்கையில் மங்கிப் போயிற்று.

இந்தியாவில் இந்த ஒப்பீட்டு மரபு சமூகங்களை நோக்கித் திரும்பியது. மும்பையில் வி. ஆர். கானோல்கர் இந்து, முஸ்லிம், பார்சி சமூகங்களிடையே புற்றுநோய்களின் பரவலை ஒப்பிட்டார். இளவயதுத் திருமணம், பல பிரசவங்கள், கணவரின் விருத்தசேதனம், தூய்மைக் குறைவு என்று காரணப் பட்டியல் நீண்டது. அந்த ஒப்பீடுகள் வீணானவையல்ல. தொற்று ஒன்று இருக்கக்கூடும் என்ற ஐயத்துக்கு அவையே வித்திட்டன. ஆனால் குழுக்களை எண்ணும் கணக்கில் விதிவிலக்கான தனி நோயாளிக்கு இடமில்லை. பட்டியலில் உள்ள எந்தக் காரணமும் பொருந்தாத பெண்ணுக்கு நோய் வந்தால், அவள் ஏதோ மறைக்கிறாள் என்று கருதவே அந்தக் கணக்கு இடங்கொடுத்தது.

1960களிலும் 70களிலும் ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் இரண்டாம் வகை வைரஸே காரணம் என்ற கருத்து வலுவாக நிலவியது. ஜெர்மனியின் ஹரால்டு சூர் ஹௌசன் அந்த வைரஸின் மரபுப்பொருளைக் கட்டிகளில் தேடிக் காணாமல், 1970களின் நடுவில் பாப்பிலோமா வைரஸின் பக்கம் திரும்பினார். 1983இல் அவருடைய குழு ஹெச்பிவி 16ஐயும், 1984இல் ஹெச்பிவி 18ஐயும் கருப்பைவாய்ப் புற்றுநோயில் கண்டது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரவலாக நம்பப்பட்ட ஒரு காரணம் பத்தாண்டுகளில் விலகி மற்றொன்று அங்கே அமர்ந்தது என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்வது நல்லது.

முதற்குவியலின் கதை இதற்குப் பின் வருகிறது. 22 நாடுகளிலிருந்து பெற்ற ஏறத்தாழ 1000 கட்டி மாதிரிகளை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வு 1995இல் வெளியானது. 93 விழுக்காட்டில் வைரஸ் கண்டறியப்பட்டது. எஞ்சிய 7 விழுக்காடு என்ன? அந்த மாதிரிகளை மீண்டும் எடுத்து, வேறு பகுதிகளைக் குறிவைக்கும் சோதனைகளால் ஆராய்ந்து, தகுதியற்றவற்றை விலக்கி, வால்பூமர்ஸும் சகாக்களும் 1999இல் 99.7 விழுக்காடு என்ற எண்ணை வெளியிட்டனர். வைரஸின் மரபுப்பொருள் மனிதச் செல்லின் குரோமோசோமில் இணையும்போது அதன் ஒரு பகுதி அறுந்துபோகலாம். சோதனை அந்தப் பகுதியையே தேடுமானால் வைரஸ் இருந்தும் 'இல்லை' என்றே விடை வரும். பழைய மெழுகுக் கட்டிகளில் மரபுப்பொருள் சிதைந்திருந்தாலும் அதே விளைவுதான். முதற்குவியலின் பெரும்பகுதி இவ்வாறு கரைந்தது.

99.7 என்ற எண் மேற்கோள்களில் ஓடி ஓடி, 'வைரஸ் இன்றி இந்நோய் இல்லை' என்ற சூத்திரமாக இறுகியது. தடுப்பூசிக்கும் புதிய சோதனைக்கும் அந்தச் சூத்திரம் அடித்தளமிட்டது. ஆனால் 38 நாடுகளிலிருந்து 10,575 மாதிரிகளை எடுத்து 2010இல் வெளியான இன்னும் பெரிய ஆய்வில் வைரஸ் கிடைத்தது 85 விழுக்காட்டில்தான். செதிள் செல் புற்றுநோய்களைவிடச் சுரப்பிச் செல் புற்றுநோய்களில் அந்த விழுக்காடு தெளிவாகக் குறைந்திருந்தது. இந்த வேறுபாட்டின் ஒரு பங்கு பழைய மாதிரிகளின் குறை. மறுபங்கு அப்படி ஒதுக்கிவிடக் கூடியதன்று.

இரண்டாம் குவியலின் கதை நுண்ணோக்கியில் தொடங்குகிறது. வைரஸ் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அது தொடங்கிவிட்டது. 1870இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்ஸெரோ, பார்வைக்கு ஏறக்குறைய இயல்பான சுரப்பிகளைப் போலவே இருந்து உயிரைப் பறிக்கும் ஒரு கருப்பைவாய்க் கட்டியை விவரித்தார். பிற்காலத்தார் அதை 'அடினோமா மாலிக்னம்' என்று அழைத்தனர். நல்ல கட்டிக்கு இடும் பெயரையும் தீய கட்டிக்கு இடும் அடைமொழியையும் ஒன்றாகக் கட்டிய அந்தப் பெயரிலேயே மருத்துவர்களின் குழப்பம் தெரிகிறது. உதட்டில் கரும்புள்ளிகளும் குடலில் பாலிப்புகளும் தோன்றும் பியூட்ஸ்-ஜெகர்ஸ் என்னும் பரம்பரை நோய் உள்ள பெண்களிடம் இக்கட்டி கூடுதலாகத் தோன்றுவது பின்னர் புலப்பட்டது. அந்நோய்க்குக் காரணமான மரபணு 1998இல் கண்டறியப்பட்டது. வைரஸ் சாராத ஒரு வழி இருப்பதற்கான வலுவான சான்று அது.

1990களின் இறுதியில் ஜப்பானிய, அமெரிக்க நோயியல் வல்லுநர்கள் கருப்பைவாய்க் குழலின் மேற்பகுதியில் கொத்துக்கொத்தாகப் பெருகும் ஒருவகைச் சுரப்பிப் பெருக்கத்தைத் தனியாக அடையாளம் கண்டனர். 1999இல் நூச்சியும் சகாக்களும் அதற்கு 'லோபுலர் சுரப்பிப் பெருக்கம்' என்று பெயரிட்டு விவரித்தனர். வியப்பு என்னவென்றால், கருப்பைவாயில் இருந்த அந்தச் சுரப்பிகள் இரைப்பையின் கடைவாய்ப் பகுதியில் சுரக்கும் வகைச் சளியைச் சுரந்தன. அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவையாகவே நின்றுவிடும். சிலவற்றில் செல்லின் உட்கரு பெரிதாகி, ஒழுங்கு குலைந்து, இரைப்பை வகைப் புற்றுநோய்க்கு முந்தைய நிலையை அடைகின்றன. வைரஸ் சாராத முன்புற்று மாற்றம் என்று இன்று சொல்வதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு இதுவே. 2007இல் ஜப்பானிலிருந்து வெளியான ஆய்வு, இரைப்பை வகைக் கட்டி உடையவர்களில் ஐந்தாண்டு உயிர் பிழைத்தோர் 30 விழுக்காடு என்றும், மற்றச் சளிவகைக் கட்டிகளில் 77 விழுக்காடு என்றும் கணக்கிட்டது. எண்ணிக்கையில் சிறியது கொடுமையில் சிறியதன்று.

வேறொரு வழியும் உண்டு. 1938இல் ஆக்கப்பட்ட டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஹார்மோன், கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பப்பட்டுக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அம்மருந்தை உண்ட தாய்மாரின் மகள்களிடம் இளவயதிலேயே பிறப்புறுப்பின் தெளிசெல் புற்றுநோய் தோன்றுவதை 1971இல் பாஸ்டன் மருத்துவர்கள் வெளிப்படுத்தினர். அம்மகள்களுள் சிலருக்கு அது கருப்பைவாயிலும் தோன்றியது. நோயின் காரணம் அவர்கள் பிறப்பதற்கு முன்பே மருந்துச் சீட்டில் எழுதப்பட்டிருந்தது. அவர்களது நடத்தையில் தேடியிருந்தால் எதுவும் கிடைத்திராது.

இத்தனைக்கும் பிறகே, 2020இல் வெளியான உலகச் சுகாதார நிறுவனத்தின் பெண் இனப்பெருக்க உறுப்புக் கட்டிகளுக்கான வகைப்பாட்டு நூல், கருப்பைவாய்க் கட்டிகளை ஹெச்பிவி சார்ந்தவை, சாராதவை என்று இரண்டாகப் பிரித்தது. இரைப்பை வகையின் முன்புற்று நிலைக்கும் அந்நூலில் இடம் கிடைத்தது. செதிள் செல் புற்றுநோயிலும் வைரஸ் சாராத வகை ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் அது மிக அரிது. குஸ்ஸெரோவின் விவரிப்புக்கும் இந்தப் பிரிவினைக்கும் இடையே 150 ஆண்டுகள்.

தென்னிந்தியச் சான்றுகள் இந்த இரண்டு குவியல்களையும் அளவோடு வைத்துப் பார்க்க உதவுகின்றன. சென்னையில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 200 நோயாளிகளில் ஒருவரைத் தவிர அனைவரிடமும் வைரஸ் இருந்தது. அதே நோயாளிகளை வைத்து வெளியான மற்றொரு கட்டுரை, வெற்றிலை போடும் பழக்கம் உடையவர்களிடம் இந்நோய் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. நெய்யூரின் பழைய பாடத்தை அறிந்த ஒருவர், வெற்றிலைதான் வைரஸ் சாராத காரணமோ என்று எண்ணக்கூடும். அந்தத் தரவு அதற்கு இடந்தரவில்லை. வெற்றிலை போட்டவர்களிடமும் வைரஸ் இருந்தது. பழக்கம் அதற்குத் துணைபுரிந்திருக்கலாம், அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. ஓர் உறுப்பில் பலித்த விளக்கத்தை இன்னோர் உறுப்புக்கு அப்படியே நீட்ட இயலாது.

திருவனந்தபுரத்தில் 1981இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம், குறைந்த செலவில் முன்புற்று மாற்றங்களைக் காணும் முறைகளில் முன்னோடியாக நின்றது. அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தை வெறுங்கண்ணால் பார்க்கும் முறையை 3000 பெண்களிடம் சோதித்த கேரள ஆய்வு 1998இல் வெளியானது. அந்த ஆய்வை நடத்திய சங்கரநாராயணன் பின்னர் திண்டுக்கல் மாவட்டத்திலும் மராட்டியத்தின் உஸ்மானாபாத்திலும் பெரும் ஆய்வுகளுக்குத் தலைமை ஏற்றார். 2007இல் வெளியான திண்டுக்கல் முடிவுகளின்படி, ஒரே ஒருமுறை செய்த பார்வைச் சோதனை நோயை 25 விழுக்காடும் இறப்பை 35 விழுக்காடும் குறைத்தது. 2009இல் வெளியான உஸ்மானாபாத் முடிவுகள் வைரஸ் சோதனையின் மேன்மையை நிறுவின. அங்கே வைரஸ் இல்லை என்று விடை பெற்ற 24,380 பெண்களில் பின்னர் புற்றுநோய் கண்டவர்கள் 8 பேர். பாப் ஸ்மியரில் குறையில்லை என்று விடை பெற்ற 23,762 பேரில் 22 பேர். பார்வைச் சோதனையில் 23,032 பேரில் 25 பேர்.

இந்த எண்களை இரு கண்களாலும் படிக்க வேண்டும். மூன்று சோதனைகளில் மிகவும் நம்பத்தக்க 'இல்லை' வைரஸ் சோதனையினுடையதே என்பது ஒன்று. 8 என்பது சுழியன்று என்பது மற்றொன்று. அந்த எட்டில் சோதனை தவறவிட்ட தொற்றும் இருக்கலாம், பிற்பாடு வந்த தொற்றும் இருக்கலாம், வைரஸ் சாராத நோயும் இருக்கலாம். இரண்டு குவியல்களும் இன்றும் கலந்தே கிடக்கின்றன.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குருட்டிடம் உண்டு. அசிட்டிக் அமிலச் சோதனை கண்ணுக்குத் தெரியும் வெளிப்பரப்பையே காட்டும். இரைப்பை வகை மாற்றங்கள் குழலின் உட்புறத்தில், ஆழத்தில் ஒளிந்திருக்கும். வைரஸ் சோதனை வைரஸையே தேடும். மூன்றிலும் பழையதாகிய பாப் ஸ்மியரில் மட்டும், பொன்மஞ்சள் நிறச் சளியோடு கூடிய சுரப்பிச் செல்கள் சில வேளைகளில் தென்படுவதாக ஜப்பானியச் செல்லியல் வல்லுநர்கள் பதிவு செய்துள்ளனர். பயாப்சியில் வைரஸின் சாயலாகக் கொள்ளப்படும் பி16 சாயப் பரிசோதனையும் இம்மாற்றங்களில் பொதுவாக எதிர்மறையாகவே வரும். ஆகவே மிகப் பழைய தடயமே இங்கு முக்கியமாகிறது. நீர்போலவோ சளிபோலவோ ஓயாமல் படும் வெள்ளை, மாதவிடாய் நின்றபின் வரும் இரத்தப்போக்கு ஆகியவையே அத்தடயம். இவை நீடிக்கும்போது 'வைரஸ் நெகட்டிவ்' என்ற தாள் பரிசோதனையை முடித்துவைக்கக் கூடாது. குழலின் உட்புறமும் ஆராயப்பட வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கிராமப்புறங்களில் 'கர்ப்பப்பை வாயில் புண்' என்ற சொல் பல பொருள்களில் புழங்குகிறது. உட்புறச் சுரப்பித் திசு வெளியே தெரிவதால் சிவந்து காணும் இயல்பான நிலையும், சாதாரண அழற்சியும், முன்புற்று மாற்றமும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. முதல் இரண்டும் புற்றுநோய்க்கு முந்தைய நிலைகள் அல்ல. நோயியல் அறிக்கை இன்றி, 'புண்' என்ற சொல்லின் அச்சத்தால் மட்டும் கருப்பையை எடுத்துவிடுவது இந்தியாவில் நீதிமன்றம் வரை சென்ற சிக்கல். தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை ஏற்குமாறு 2023இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. வைரஸ் சாராத முன்புற்று மாற்றம் என்ற அரிய நிலை, அந்த அச்சத்துக்குப் புதிய பெயராகிவிடக் கூடாது.

பழியைப் பற்றியும் ஒரு சொல். பாலுறவால் பரவும் வைரஸ் என்ற அறிவு, வெரோனாவிலிருந்து தொடர்ந்து வரும் நடத்தைத் தீர்ப்பைப் புதுப்பிக்கக் கூடியது. வைரஸ் சாராத நோய் உண்டு என்பது அந்தத் தீர்ப்பை அசைக்கிறது. ஆனால் அந்த வாதத்தைச் சிலரை மட்டும் குற்றமற்றவர்களாக்கப் பயன்படுத்தினால், வைரஸ் கண்ட பெண்கள் மேல் பழி இருமடங்காகும். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், மணமான பெண்களில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரிடம் இந்தத் தொற்று இருந்தது. அவ்வளவு பொதுவான தொற்று எவருடைய ஒழுக்கத்துக்கும் சான்றாகாது. பெரும்பாலான தொற்றுகள் தாமாகவே ஓரிரு ஆண்டுகளில் நீங்கிவிடுகின்றன.

புதிய வகைப்பாடு வெளியான அதே 2020இல்தான் உலகச் சுகாதார நிறுவனம் இந்நோயை ஒழிக்கும் இலக்கையும் அறிவித்தது: 15 வயதுக்குள் 90 விழுக்காட்டுச் சிறுமியருக்குத் தடுப்பூசி, 70 விழுக்காட்டுப் பெண்களுக்குத் தரமான சோதனை, நோய் கண்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை. இந்த இலக்கு நிறைவேறும் அளவுக்கு வைரஸ் சார்ந்த நோய் குறையும். அப்போது வைரஸ் சாராத நோயின் எண்ணிக்கை மாறாவிட்டாலும் அதன் விகிதம் உயரும். அந்த உயர்வைத் தடுப்பூசியின் தோல்வி என்று தவறாகப் படிக்க நாளை வாய்ப்பு மிகுதி.

அதைத் தடுக்கும் வழி மிக எளிய ஒன்று: எழுதி வைப்பது. புற்றுநோய்ப் பதிவேடுகளுக்கான பன்னாட்டுக் குறியீட்டில் சுரப்பிச் செல் புற்றுநோயின் ஹெச்பிவி சார்ந்த வகைக்கு 8483 என்றும் சாராத வகைக்கு 8484 என்றும் தனித்தனி எண்கள் இன்று உள்ளன. அம்பூரியிலிருந்து ஒருத்தி திருவனந்தபுரத்துக்குப் போகலாம். பத்துகாணியிலிருந்து ஒருத்தி நாகர்கோவிலுக்குப் போகலாம். இருவர் நோயும் ஒன்றாக இருந்தும் இரண்டு மாநிலங்களின் பதிவேடுகளில் இரண்டு விதமாக ஏறக்கூடும். 'கருப்பைவாய்ப் புற்றுநோய்' என்ற பொதுச்சொல்லோடு அறிக்கை நின்றுவிட்டால் அந்த இருவரும் மீண்டும் பெயரற்ற குவியலுக்கே திரும்புவார்கள். நோயியல் வல்லுநர் வகையையும் சேர்த்து எழுதும் ஒரு வரியில், 1870இல் தொடங்கிய பிரித்தறியும் வேலை இந்த எல்லைச் சிற்றூர்களிலும் தொடரும்.